குரல் தங்கும் இடம்



மனிதனுடைய உடைமைகளுள் மிக விரைவில் மறைவது எது என்று என்னைக் கேட்டால், அவன் குரல் என்றே விடை கூறுவேன். அவன் கட்டிய வீடு நூறாண்டு நிற்கும். அவன் நட்ட பனை பேரப்பிள்ளைகளுக்கும் பயன் தரும். எழுதிவைத்த ஏடு சில தலைமுறை கிடக்கும். வாயை விட்டு வெளிப்பட்ட ஓசையோ, கேட்டவர் செவியைத் தொட்ட அளவிலே கரைந்துபோகிறது. இக்குறையைப் போக்கக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக மனிதன் அரும்பாடு பட்டு வந்திருக்கிறான். தகரத் தாளிலும், மெழுகிலும், அரக்குத் தட்டிலும், காந்த நாடாவிலும், வெள்ளி போல மின்னும் குறுந்தட்டிலும் குரலை வைத்துப் பார்த்தான். இன்று அதனை எண்களாக்கி ஒரு சிறு பெட்டியில் இட்டு, வீட்டுக்குள்ளேயே கம்பியின்றி அனுப்பிக் கேட்கிறான்.

இந்த வரலாற்றைக் கூற எனக்குள்ள தகுதி சிறிது. நான் பொறியியல் கற்றவனல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். கணினியைப் பொறுத்த மட்டில் அரிச்சுவடி வகுப்பு மாணவன். ஆயினும் குறுந்தட்டை விட்டு வீட்டு வலையமைப்புக்கு மாறும் வேலையை அறுபது வயதுக்கு மேல் என் கையாலேயே செய்து பார்க்கும் நிலை எனக்கு நேர்ந்தது. அது நேர்ந்த விதத்தை முதலில் சொல்லுகிறேன்.

என் ஊர் காயல்பட்டினம். திருச்செந்தூருக்கு வடக்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி அமைந்த ஊர். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பொழுது 24 மணி நேரத்தில் எங்கள் ஊரில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையை விட அது மிகுதி. ஓர் ஆண்டின் மழை ஒரே நாளில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அன்று கண்ணாரக் கண்டோம். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அரிசியையும் ஆவணங்களையும் மேலே ஏற்றினோம். அலமாரியின் கீழ்த் தட்டில் நான் அடுக்கி வைத்திருந்த 210 குறுந்தட்டுகளை, அவ்விருளில் ஒருவரும் நினைக்கவில்லை.

நாம் சி.டி. என்று வழங்கும் அக்குறுந்தட்டுகளை நான் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் சேர்த்திருந்தேன். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வாங்கியவை சில. கொழும்பிலிருந்தும் ஆங்காங்கிலிருந்தும் உறவினர் கொண்டுவந்தவை சில. நாகூர் ஈ. எம். அனிபாவின் பாடல்களும், கே. பி. சுந்தராம்பாளின் பாடல்களும், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் அவற்றுள் இருந்தன. இவற்றை எல்லாம் திரும்பவும் வாங்கிவிடலாம். விலை கொடுத்து வாங்க இயலாத தட்டுகள் இரண்டு இருந்தன. அவற்றில் இருந்தது என் உம்மாவின் குரல். அக்கதையைப் பின்னர்க் கூறுகிறேன். அதற்கு முன், குரல் தட்டிலே குடியேறிய வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1877-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எடிசன், உருளை மேல் சுற்றிய தகரத் தாளில் ஊசியால் ஒலியைக் கீறி, அதனைத் திரும்பவும் ஒலிக்கச் செய்தார். பத்து ஆண்டுகள் கழித்து எமில் பெர்லினர் என்பார் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தை எடுத்துக்கொண்டார். இம்மாற்றம் சிறியதாகத் தோன்றினும் விளைவு பெரிது. தட்டை அச்சடிப்பது போல ஒன்றிலிருந்து ஆயிரமாக அழுத்தி எடுக்க முடியும். ஏட்டுச்சுவடிக்கு அச்சுப்பொறி வாய்த்தது போலக் குரலுக்கு இசைத்தட்டு வாய்த்தது.

அத்தட்டுகள் எதனால் ஆனவை? அரக்கினால். நம் நாட்டுக் காடுகளில் பலாசம் முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. உலகத்துக்கு அரக்கு அனுப்புவதில் இந்தியாவே அந்நாளில் தலைமை பெற்றிருந்தது. இங்கிருந்து அரக்குக் கப்பலேறிப் போயிற்று. இசைத்தட்டாகத் திரும்பி வந்தது. 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் கௌகர் ஜான் என்னும் பாடகியின் பாட்டைக் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் பதிவு செய்தார். அப்பதிவுகள் ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே தட்டுகளாயின. 1908-ஆம் ஆண்டில்தான் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அழுத்தும் தொழிற்சாலை தோன்றிற்று.

அம்மையார் பாடி முடித்ததும், தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பதிவை முடிப்பார். எதற்காக? ஹானோவரில் உள்ள தொழிலாளிக்கு இந்துஸ்தானி தெரியாது. எத்தட்டில் எவர் பெயரை ஒட்டுவது என்று அவன் அறிய வேண்டுமன்றோ? அந்தத் தேவையால் எழுந்த வழக்கம் நூறாண்டுக்குப் பின்னும் அக்குரலுக்குரியவர் இன்னார் என்று நமக்குச் சான்று கூறுகிறது. இச்செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இறுதியில் இது நமக்குப் பயன்படும்.

தமிழ்நாட்டிலும் தட்டுகள் பரவின. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் முத்திரைத் தட்டுகளை வெளியிட்டுப் புகழ் பெற்றது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். நிமிடத்துக்கு 78 சுற்று. பக்கத்துக்கு ஓர் ஊசி. ஒரு மணி நேரம் விரிவாகப் பாட வேண்டிய இராகத்தை மூன்று நிமிடத்தில் அடக்க வித்துவான்கள் கற்றுக்கொண்டனர். ஆகவே குரலைத் தாங்கிய பொருள் குரலின் வடிவத்தையும் மாற்றிற்று எனலாம்.

தட்டு இல்லாதிருந்தால் நாம் இழந்திருக்கக்கூடியதற்கு நம் பகுதியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரச் செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, நாடக மேடையில் பெரும்புகழ் ஈட்டி, 1933-ஆம் ஆண்டு டிசம்பரில், தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவர் பாடிய கொட்டகைகள் போயின. அவரை நேரில் கேட்டவர்களும் மறைந்தனர். அவருடைய குரல் மட்டும் இன்றும் கேட்கிறது. அரக்குத் தட்டிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து குறுந்தட்டுக்கும், குறுந்தட்டிலிருந்து கணினிக்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அதனை மாற்றி எழுதி வந்தமையே அதற்குக் காரணம்.

பாட்டு மட்டுமன்று, மக்களின் பேச்சும் தட்டில் ஏறிற்று. சர் ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழி ஆய்வு, 1913 முதல் 1929 வரை நம் நாட்டு மொழிகளையும் கிளைமொழிகளையும் இசைத்தட்டுகளில் பதிவித்தது. ஊதாரி மைந்தன் கதையை ஒவ்வொரு மொழியிலும் ஒருவர் சொல்லுவார். நூறாண்டுக்கு முந்திய அக்குரல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் யாவரும் கேட்கும்படி வைத்துள்ளது. அவற்றைக் கேட்டபொழுது எனக்கு உண்டான வியப்பைச் சொல்லி முடியாது.

இனி வானொலி. சென்னையில் 1924-ஆம் ஆண்டு ஓர் ஆர்வலர் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும், 1963-இல் திருநெல்வேலி நிலையமும் எழுந்தன. எங்கள் கடற்கரையில் இலங்கை வானொலியும் தெளிவாகக் கேட்கும். நான் சிறுவனாக இருந்தபொழுது எங்கள் தெருவில் வானொலிப் பெட்டி உள்ள வீடுகள் சில. மாலையில் அவ்வீட்டுத் திண்ணைகளில் பிள்ளைகள் நிறைந்திருப்போம். தட்டு ஒருவன் உடைமை. வானொலி ஊருக்குப் பொது. ஆனால் வானொலியில் வந்த பாட்டைப் பிடித்து வைக்க எங்களிடம் கருவி இல்லை.

அக்கருவி 1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட சிறு ஒலிநாடாப் பேழையாக, அதாவது கேசட்டாக வந்தது. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம்மவர் விடுமுறையில் வரும்பொழுது தோளில் தொங்கவிட்டு வந்த பொருள் அதுவே. கேசட்டின் தனிச்சிறப்பு யாதெனில், எவரும் அதில் தம் குரலைப் பதியலாம் என்பது. எழுதத் தெரியாத தாயும் மகனுக்குக் கடிதம் அனுப்ப அது வழி செய்தது. கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டு கடல் கடந்து போயிற்று. கேசட்டு கடல் கடந்து வந்தது.

எங்கள் வீட்டிலும் அவ்வாறே. என் காக்கா சவூதி அரேபியாவில் வேலை செய்துகொண்டிருந்தார். 1984-ஆம் ஆண்டில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளையின் முகத்தை நிழற்படத்தில் பார்த்த அவர், குரலையும் கேட்க விரும்பினார். நான் அப்பொழுது ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்திருந்த இளைஞன். பதிவுக் கருவியை உம்மாவின் அருகில் வைத்தேன். உம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடினார்கள். கொழும்புக்குப் போன கப்பலும், கரையில் காத்திருந்தவர்களும் அத்தாலாட்டில் வருவார்கள். இடையிடையே பிள்ளை அழும் ஓசை. அப்பால் தெருவில் போகும் மாட்டுவண்டியின் மணியோசை. முதற்பக்கம் இவ்வாறு நிறைந்தது. மறுபக்கத்தில் உம்மா தம் மகனோடு நேரில் பேசுவது போல வீட்டுச் செய்திகளை எல்லாம் சொன்னார்கள். காக்கா ஊருக்குத் திரும்பியபொழுது அக்கேசட்டும் உடன் வந்தது. 1991-ஆம் ஆண்டில் உம்மா இறந்தார்கள்.

2006-ஆம் ஆண்டில் நாடா தேய்ந்து குரல் இழுபடத் தொடங்கியது கண்டு, ஒரு கடையில் கொடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குறுந்தட்டுகளில் மாற்றினேன். அவ்வாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த காக்காவின் மகன், தாலாட்டு இருந்த தட்டை ஓரிரவு வாங்கிச் சென்று, தன் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டான். அவன் ஆங்காங்கில் வணிகம் செய்பவன். “தட்டு பத்திரமாக இருக்க, நகல் எதற்கடா?” என்று நான் அவனைக் கடிந்துகொண்டேன். பின்னர் ஒரு முறை வீட்டைத் துப்புரவு செய்தபொழுது பழைய கேசட்டையும் குப்பையில் சேர்த்துவிட்டேன். குறுந்தட்டு அழியாது என்று அக்காலத்தில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

அந்நம்பிக்கை எத்துணை உண்மை என்பதை வெள்ளத்துக்குப் பின்னரே அறிந்தேன். குறுந்தட்டு 1982-ஆம் ஆண்டில் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் சந்தைக்கு வந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலம் உள்ள அவ்வட்டத்தில், நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகச் செல்லும் தடம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம் உடையது. அத்தடத்தில் கண்ணுக்குப் புலப்படாத குழிகள் உள்ளன. லேசர் ஒளி அவற்றின் மேல் பட்டுத் திரும்பும் வேறுபாட்டைக் கருவி எண்களாகப் படிக்கிறது. ஒலி ஒரு நொடியில் 44,100 முறை அளக்கப்பட்டு எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. ஊசி உராய்வதில்லை, ஆதலால் தேய்மானமும் இல்லை.

ஆனால் அத்தட்டின் உயிர்நிலை எங்கே இருக்கிறது? பளபளக்கும் அடிப்பக்கத்தில் என்றே நாம் எண்ணுகிறோம். அங்கே கீறல் விழாமல் காக்கிறோம். உண்மையில் அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பிளாஸ்டிக். ஒளியைத் திருப்பும் மெல்லிய உலோகப் படலம் பெயர் எழுதும் மேற்பக்கத்தை ஒட்டி, ஒரு மெருகுப் பூச்சின் கீழேதான் கிடக்கிறது. வெள்ளத்தில் நனைந்த அட்டையும் காகிதமும் அம்மேற்பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. நான் அவசரப்பட்டுக் காகிதத்தை உரித்தேன். சில தட்டுகளில் காகிதத்தோடு வெள்ளிப் படலமும் உரிந்து வந்தது. கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் வெறும் பிளாஸ்டிக் வட்டம் கையில் நின்றது. அவ்வாறு உரிந்தவற்றுள் உம்மாவின் தட்டுகள் இரண்டும் அடங்கும்.

அந்நிலையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கணினி பழுதுபார்க்கும் தொழில் செய்பவர். “சார், இனி எதையும் உரிக்காதீர்கள். நல்ல தண்ணீரில் ஊறவிட்டுக் காகிதத்தைத் தானாகக் கழலவிடுங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். உலர்ந்த பின் ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்றிவிடுவோம்” என்றார். அன்று நான் மாணவன் ஆனேன். அவர் ஆசிரியர் ஆனார்.

நான் கற்ற பாடத்தை, என் போன்ற முதியோர்க்குப் பயன்படுமாறு சுருக்கமாகச் சொல்லுகிறேன். முதல் வேலை, தட்டில் உள்ள எண்களைக் கணினியில் படித்து எழுதுவது. பழுதுபட்ட இடத்தைக் கணினி மெதுவாகத் திரும்பத் திரும்பப் படிக்கும். சில தட்டுகளுக்கு ஒரு நாள் முழுதும் ஆயிற்று. ஒரு மணி நேரக் குறுந்தட்டு அப்படியே எடுத்தால் ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் பிடிக்கும். எம்.பி.3 என்னும் முறை, செவிக்கு எளிதில் புலப்படாதவற்றைக் கழித்து, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருக்க வல்லது. கழித்தவை திரும்பி வாரா. ஃபிளாக் என்னும் முறையோ ஒன்றையும் இழக்காமல் ஏறத்தாழப் பாதியாக மடித்து வைக்கிறது. மாணவனின் விடைத்தாளைச் சுருக்கி எழுதி வைப்பதற்கும், அத்தாளையே மடித்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. நான் மடித்து வைக்கும் முறையையே தேர்ந்தேன்.

இரண்டாவது வேலை, அக்கோப்புகளை ஒரு சிறு பெட்டியில் வைத்து, வீட்டில் இணையம் தரும் ரவுட்டரோடு கம்பியால் இணைப்பது. கைப்பேசியில் பாட்டின் பெயரைத் தொட்டால், பெட்டியிலிருந்து எண்கள் புறப்பட்டு, கம்பியில்லா வழியில் கூடத்து ஒலிபெருக்கியை அடைந்து இசையாகின்றன. முதல் நாள் எனக்கு ஓர் ஐயம். “தம்பி, இந்தப் பாட்டு அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வருகிறதா? இணையம் நின்றால் பாட்டும் நின்றுவிடுமா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, இணையம் வரும் கம்பியை ரவுட்டரிலிருந்து பிடுங்கினார். பாட்டு நிற்கவில்லை. “சார், பாட்டு வாசற்படியைத் தாண்டவே இல்லை. குளம் நம் வீட்டிலேயே இருக்கிறது, வாய்க்காலும் நம் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது” என்றார். தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ? தட்டு என்பது குடத்தில் மொண்டு வரும் நீர். இது வாய்க்காலில் வரும் நீர்.

வாய்க்காலுக்கும் தடை உண்டு. எங்கள் வீட்டின் பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை, மிகத் தடித்தவை. கூடத்தில் ஒலித்த பாட்டு, பின்கட்டு அறையில் விட்டுவிட்டுக் கேட்டது. அவ்வறைக்குத் தனிக் கம்பி இழுத்த பின்னரே குறை தீர்ந்தது. மின்சாரம் நின்றால் யாவும் நின்றுவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வெள்ள நாட்களில் மின்சாரமும் கைப்பேசியும் இல்லாமல் நாங்கள் இருந்தபொழுது, மின்கலத்தில் இயங்கிய சிறு வானொலிப் பெட்டி ஒன்றே எங்களுக்கு வெளியுலகச் செய்தி தந்தது.

இப்பொழுது ஒரு கேள்வி எழலாம். மாதக் கட்டணம் கட்டினால் இலட்சக்கணக்கான பாட்டுகளை இணைய நிறுவனங்கள் ஓடவிடுகின்றனவே. இவ்வளவு உழைப்பு எதற்கு? நானும் அவற்றைக் கேட்பதுண்டு. அவற்றால் பயன் பெரிது. ஆயினும் அது வாடகை வீடு. கட்டணம் நின்றாலும், உரிமை பற்றிய உடன்பாடு முடிந்தாலும் நேற்றுக் கேட்ட பாட்டு இன்று இராது. மேலும், உலகம் விரும்பும் பாட்டு அங்கே கிடைக்கும். காயல்பட்டினத்துத் தாய் ஒருத்தி 1984-இல் பாடிய தாலாட்டு கிடைக்குமா?

மூன்று மாத உழைப்பின் முடிவில் கணக்குப் பார்த்தேன். 210 தட்டுகளுள் முழுமையாக மீண்டவை 187. சில பாட்டுகளை இழந்து மீண்டவை 14. அறவே அழிந்தவை 9. உம்மாவின் தட்டுகள் அவ்வொன்பதில் சேர்ந்தவை. அப்பொழுதுதான், பதினேழு ஆண்டுகளுக்கு முன் நான் கடிந்துகொண்ட அந்த நகல் நினைவுக்கு வந்தது. ஆங்காங்குக்குத் தொலைபேசியில் பேசினேன். “சாச்சா, பழைய கணினிகளை மாற்றும்போதெல்லாம் எல்லாவற்றையும் அடுத்ததற்கு ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன், எங்காவது இருக்கும், தேடிப் பார்க்கிறேன்” என்றான். இரண்டு வாரம் தேடினான். கிடைப்பது எளிதாக இல்லை. ஏனெனில் அக்கோப்புக்குப் பெயர் இல்லை. ‘தடம் 01’ என்பதே அதன் பெயர். அதே பெயருடைய நூற்றுக்கணக்கான கோப்புகளுள் ஒன்றாக அது கிடந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டு, தன் சொந்த அழுகுரலைத் தானே கேட்டு அடையாளம் கண்டான்.

அது எம்.பி.3 முறையில் சுருக்கிய நகல். வண்டி மணியின் ஓசை மங்கிவிட்டது. ஆயினும் உம்மாவின் குரல் இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்த அந்தக் குரல் ஒலித்தபொழுது, வீட்டில் யாரும் பேசவில்லை. மறுபக்கத்துப் பேச்சு எங்கும் கிடைக்கவில்லை. மகனிடம் உம்மா சொன்ன செய்திகளில் நான்கைந்து என் நினைவில் உள்ளன, எஞ்சியவை போயின. அதற்குப் பொறுப்பு வெள்ளத்தினுடையது மட்டுமன்று. நகல் வேண்டாம் என்று சொன்னவனும், மூலத்தைக் குப்பையில் சேர்த்தவனும் நானே.

நேயர்களே, இவ்வனுபவம் எனக்குப் புதிய உண்மை எதனையும் கற்பிக்கவில்லை. நம் முன்னோர் நன்கு அறிந்திருந்ததையே நினைவூட்டியது. பனையோலை சில நூற்றாண்டுக்கு மேல் நில்லாது. கரையானும் ஈரமும் அதனை அரிக்கும். ஆகவே பழைய ஏடு நையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினர். எங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளில் அவ்வாறு காக்கப்பட்ட சுவடிகள், டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க உதவின. எங்கள் ஊரினரான சேகனாப் புலவர், உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஏட்டிலிருந்து 1842-இல் அச்சேற்றினார். ஓலை வலியது என்பதால் இந்நூல்கள் நிலைக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் எழுத்தாணியை எடுத்தார், அதனால் நிலைத்தன. எழுதி முடித்தவர், ஏட்டின் இறுதியில் நாளும் தம் பெயரும் குறித்து வைப்பதும் வழக்கம். கௌகர் ஜான் பாட்டின் இறுதியில் பெயர் சொன்னதும் அதே வேலையைத்தான் செய்தது.

பள்ளியில் எத்தனையோ ஆண்டுகள் சேர்க்கைப் பதிவேடு எழுதினேன். பெயரும் பிறந்த நாளும் ஊரும் இல்லாமல் ஒரு பிள்ளையையும் அதில் சேர்த்ததில்லை. பிள்ளைகளிடம் காட்டிய அந்த ஒழுங்கைப் பெற்ற தாயின் குரலிடம் காட்டத் தவறினேன். இன்று அக்கோப்பின் பெயர் ‘தடம் 01’ அன்று. பாடியவர் பெயர், யாருக்காகப் பாடியது, ஊர், ஆண்டு ஆகிய யாவும் அதனோடு எழுதப்பட்டுள்ளன. ஒரு படி என் வீட்டுப் பெட்டியிலும், ஒரு படி திருநெல்வேலியில் உள்ள உறவினர் வீட்டிலும், ஒரு படி ஆங்காங்கிலும் இருக்கிறது. தாமிரபரணி மீண்டும் பெருகினாலும் மூன்றும் ஒருசேர நனையா.

இப்பெட்டியும் நிலையானதன்று என்பதை அறிவேன். சில ஆண்டுகளில் இதன் உள்ளே சுழலும் தட்டும் ஓய்ந்துபோகும்; அப்பொழுது வேறொரு பெட்டிக்கு மாற்ற வேண்டும். நான் இல்லாத காலத்தில் அதைச் செய்ய வேண்டியவர்க்கு இப்பொழுதே முறையைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். குரல் தங்கும் இடம் தகரமோ அரக்கோ வெள்ளித்தட்டோ அன்று. அதனை அடுத்தவர் கையில் கொடுக்க நினைப்பவரின் அக்கறையே ஆகும்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் தாலாட்டோ, பழங்கதையோ, தொழிற்பாட்டோ அறிந்த முதியவர் ஒருவர் இருப்பார். கைப்பேசியை அவர் அருகில் வைத்து, அவர் பெயரையும் ஊரையும் நாளையும் முதலில் உங்கள் வாயாலேயே சொல்லி, அவரைப் பேசவிடுங்கள். பின்பு அதனை இரண்டு ஊர்களில் உள்ள இருவருக்கு அனுப்புங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் இதைச் செய்துவிடுங்கள்.